தோற்ற அன்னைக்கு உங்க கேப்டன் எங்கே நின்னாரு?

(டிஸ்கி: தோனி ரசிகர்கள் முழுசாகப் படித்துவிட்டுக் கல்லெறியவும். பாதியில் எறிந்தால் கம்பெனி பொறுப்பல்ல :-) )

நம்ம பக்கம் மூன்று பேர் டீக்கடை பெஞ்சில் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்தால் இரண்டு பேச்சுதான் வரும். ஒன்று, பெரியாறு அணையில் தண்ணி இன்னைக்கு எத்தனை அடி. இன்னொன்று, தோனியா கோலியா. முதல் கேள்விக்காவது பேப்பரில் பதில் இருக்கும். இரண்டாவதுக்கு டீ ஆறி, வடை ஆறி, கடைசியில் நட்பும் ஆறிப்போகும்.

பொட்டிப்புரம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் "ஓ, நியூட்ரினோ ஊரா?" என்பார்கள். ஆமாங்க, அதேதான். ஆனால் அந்த மலையடிவாரத்தில் ஆராய்ச்சி பண்ணுவதற்கு நியூட்ரினோ மட்டும் இல்லை, இந்தக் கேப்டன் சண்டையும் இருக்கிறது. பல வருஷமாக நடக்கிறது, இன்னும் ஒரு முடிவு வந்தபாடில்லை.

முடிவு வராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். நாம் அளக்கிற கோலே தப்பு.

எல்லாரும் கோப்பையை எண்ணுகிறோம். "தோனி 2007, 2011, 2013, மூணு கோப்பை. கோலி? முட்டை." இது தோனி கோஷ்டி. "டெஸ்ட்ல பாரு மாப்ள. கோலி 68 மேட்சுல 40 ஜெயிச்சாரு. தோனி 60ல 27தான்." இது கோலி கோஷ்டி. நடுவில் ஒருத்தன் ரோகித்தின் 2024 டி20 உலகக் கோப்பையையும் 2025 சாம்பியன்ஸ் டிராஃபியையும் தூக்கிக்கொண்டு வருவான். அப்புறம் கும்மிதான்.

இது முழுக்க ஜல்லி. ஏன் என்று சொல்கிறேன். கோப்பை என்பது பதினோரு பேர், டாஸ், பிட்ச், பனி, அம்பயர், எதிராளியின் கெட்ட நாள் எல்லாம் சேர்ந்து கொடுக்கிற கூட்டுப் பொரியல். அதில் கேப்டன் போட்ட உப்பு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஜெயித்த அன்றைக்கு எல்லாக் கேப்டனும் நல்லவன். சிரிக்கிறான், தோளில் தட்டுகிறான், "டீம் எஃபர்ட்" என்கிறான். அதற்கு ஒரு செலவும் கிடையாது.

தோற்ற அன்றைக்குத்தான் செலவு. யாரோ ஒருத்தன் கேட்ச் விட்டிருப்பான், யாரோ ஒருத்தன் கடைசி ஓவரில் அடி வாங்கியிருப்பான். வெளியே கோடிப் பேர் பலி கேட்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் கேப்டன் என்ன செய்கிறார் என்பது முழுக்க முழுக்க அவருடைய கணக்கு. அதில் டாஸுக்கோ பனிக்கோ பங்கு கிடையாது. ஆகவே ஒரு கேப்டனை அளக்க வேண்டுமானால் அந்த நாளில்தான் அளக்க முடியும்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் கையால் எறிந்து விளையாடுகிற ஒன்றுக்கு ஃபுட்பால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் (பெயர் வைத்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்). அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருத்தர் உண்டு. பந்தை எறிவது, ஆட்டத்தை நடத்துவது, ஜெயித்தால் மாலை, தோற்றால் செருப்பு, எல்லாம் அவருக்கே. அங்கேயும் இதே கோப்பைக் கணக்குதான். டாம் பிரேடி ஏழு சூப்பர் பௌல் ஜெயித்தார், பேச்சை முடி என்பார்கள். அதே பிரேடி மூன்று சூப்பர் பௌல் தோற்றிருக்கிறார் என்பதை யாரும் எண்ணுவதில்லை.

அங்கே கேம் நியூட்டன் என்று ஒருத்தர். 2016 சூப்பர் பௌலில் தோற்றார். பத்திரிகையாளர்களிடம் நாலைந்து சொல்லில் பதில் சொல்லிவிட்டு, சில நிமிஷங்களிலேயே எழுந்து போய்விட்டார். அந்த சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். திறமையில் குறையே இல்லை. ஆனால் இன்றைக்கும் அவர் பேரைச் சொன்னால் அந்தக் காலி நாற்காலி ஞாபகத்துக்கு வரும்.

இன்னொருத்தர் ஜிம் கெல்லி. பஃபலோ நகரத்து டீம். 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நாலு வருஷம் சூப்பர் பௌலுக்குப் போனார்கள், நாலும் தோல்வி. யோசித்துப் பாருங்கள்: முதல் ஃபைனலில் தோற்ற பிறகு அதே டீமைத் திரும்ப ஃபைனலுக்குக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம்? மூன்று தோற்ற பிறகு நாலாவது? கோப்பை எண்ணுபவர்களுக்குக் கெல்லி முட்டை. எனக்கு அவர் பெரிய ஆள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். என்னிடம் இருக்கும் அளவுகோலில் மூன்று கோடுகள்.

ஒன்று: தோல்விக்குக் காரணமானவன் என்று ஊர் யாரைக் கை காட்டுகிறதோ, அவனுக்கு முன்னால் போய் நிற்கிறாரா?

இரண்டு: எதிராளிக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கிறாரா? தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும்?

மூன்று: அடுத்த மேட்சுக்கு அந்தத் தோற்றவனையும் சேர்த்துக் கூட்டி வருகிறாரா?

இப்போது ஒவ்வொருவராக நிறுத்திப் பார்க்கலாம்.

முதலில் தோனி. பயப்படாதீர்கள், நான் ஒன்றும் அவரைத் திட்டப் போவதில்லை. அவருடைய ரசிகர்களைத்தான் திட்டப் போகிறேன். சிஎஸ்கே 2023 வரை பத்து ஐபிஎல் ஃபைனல் ஆடியது. ஐந்தில் ஜெயித்தது: 2010, 2011, 2018, 2021, 2023. ஐந்தில் தோற்றது: 2008, 2012, 2013, 2015, 2019. சரிபாதி! 2019ல் ஒரே ஒரு ரன். மலிங்காவின் கடைசிப் பந்தில் ஷர்துல் தாக்கூர் எல்பிடபிள்யூ. இரண்டு வருஷம் கழித்து 2021ல் கோப்பை தூக்கியபோது அதே ஷர்துல் டீமில் இருந்தார். 2020ல் எட்டு டீமில் ஏழாவது இடம். அதற்கு அடுத்த வருஷமே கோப்பை. தோனி பெரிய கேப்டன் என்பதற்கு எனக்கு இந்தத் தோல்விப் பட்டியல்தான் சாட்சி. ஆனால் ரசிகர் மன்றத்து அண்ணன்மார் இந்தப் பட்டியலை மறைத்து வைத்துக்கொண்டு "தல தோத்ததே இல்ல" என்கிற மாதிரி பில்டப்பு கொடுப்பார்கள். அவர் சம்பாதித்ததில் பாதியை நீங்களே மறைக்கிறீர்களே அண்ணே, நியாயமா?

அதே தோனியிடம் இன்னொரு பக்கமும் உண்டு. 2019 ஏப்ரலில் ஜெய்ப்பூரில் ஒரு நோ-பால் தகராறு. அவுட் ஆகி வெளியே போனவர் மைதானத்துக்குள் நடந்து வந்து அம்பயரிடம் வாதாடினார். சம்பளத்தில் பாதி அபராதம். "கேப்டன் கூல்" என்ற பட்டத்தை நம்பியவர்கள் அன்றைக்கு ஆடிப்போனார்கள். நான் ஆடவில்லை. கூலாக இருப்பது ஒரு சுபாவம், அவ்வளவுதான். எங்கள் வீட்டு எருமைகூட கூல்தான். சுபாவத்தைத் தாண்டி அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 2014 டி20 உலகக் கோப்பை ஃபைனல், டாக்கா. யுவராஜ் சிங் 21 பந்தில் 11 ரன். இலங்கை ஜெயித்தது. சண்டிகரில் யுவராஜ் வீட்டின் மேல் கல் விழுந்தது. 2007ல் ஆறு சிக்ஸர் அடித்தவர், 2011 உலகக் கோப்பையில் தொடர் நாயகன், அதற்கப்புறம் புற்றுநோயோடு போராடி மீண்டு வந்தவர். அவருக்குக் கல்! தோனி அன்றைக்கு யுவராஜைத் தனியாக நிறுத்திப் பழி சொல்ல மறுத்தார். அவருக்கு அது அமையாத நாள் என்பதோடு முடித்துக்கொண்டார். முதல் கோட்டில் பாஸ்.

அடுத்து கோலி. இவர் மேல் எனக்கு ஆயிரம் கடுப்பு. களத்தில் அவர் பேசுகிற பேச்சை வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆனால் 2021 அக்டோபர் 24, துபாயை எடுத்துக்கொள்ளுங்கள். உலகக் கோப்பை மேட்சுகளில் பாகிஸ்தானிடம் இந்தியா முதன்முறையாகத் தோற்ற நாள். அதுவும் பத்து விக்கெட் வித்தியாசத்தில். மேட்ச் முடிந்ததும் கோலி போய் ரிஸ்வானைச் சிரித்த முகத்தோடு கட்டிப்பிடித்தார். இரண்டாவது கோட்டில் பாஸ்.

அன்றைக்கு ராத்திரியே முகமது ஷமியின் பக்கத்தில் வந்து விழுந்த வசவுகளைச் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு எல்லா பௌலரும்தான் அடி வாங்கினார்கள், ஒருத்தருக்கும் விக்கெட் கிடையாது. ஆனால் ஷமியை மட்டும் பொறுக்கி எடுத்ததற்கு அவருடைய பேரே காரணம். ஆறு நாள் கழித்து, அடுத்த மேட்சுக்கு முந்தின நாள், பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து கோலி அதைப் பேசினார். ஒருவரை மதத்தை வைத்துத் தாக்குவதைவிடக் கேவலம் இல்லை என்கிற பொருளில், சுற்றி வளைக்காமல், நேராக. அதற்குப் பரிசாக அவருடைய பச்சைக் குழந்தைக்கே இணையத்தில் மிரட்டல் வந்தது. அதுதான் நான் சொன்ன செலவு. அவர் கட்டினார்.

அந்த உலகக் கோப்பையில் இந்தியா அரையிறுதிக்குக்கூடப் போகவில்லை. கோப்பைக் கணக்கில் முட்டை. ஆனால் அந்த ஷமிதான் 2023 உலகக் கோப்பையில் 24 விக்கெட் எடுத்து முதலிடத்தில் இருந்தார். அரையிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராக ஏழு. அதைக் கோலியின் கணக்கில் எழுத மாட்டேன், ஷமியின் உழைப்பு அது. ஆனால் 2021ல் எல்லாரும் கைகழுவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் கேட்கிறேன்.

2022 ஆசியக் கோப்பையில் அர்ஷ்தீப் சிங் ஒரு கேட்சை விட்டார். பாகிஸ்தான் ஜெயித்தது. வழக்கம்போல் வசவு மழை. அப்போது கோலி கேப்டனே இல்லை. ஆனால் மேட்ச் முடிந்து பேச வந்தவர், தன் முதல் சாம்பியன்ஸ் டிராஃபியில் அஃப்ரிதி பந்தில் மோசமான ஷாட் ஆடி அவுட் ஆனதையும், விடியற்காலை வரை தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னார். பட்டை கையில் இருந்தால்தான் கேப்டன் என்று யார் சொன்னது?

மற்ற நாட்டுக்காரர்களையும் விடக்கூடாது. கேன் வில்லியம்சன், 2019 ஜூலை 14, லார்ட்ஸ். இரண்டு டீமும் 241. சூப்பர் ஓவரிலும் இரண்டு பேரும் 15. யார் அதிக பவுண்டரி அடித்தார்கள் என்று எண்ணி, 26க்கு 17 என்று இங்கிலாந்துக்குக் கோப்பை. அதற்கு முன்னால் ஸ்டோக்ஸ் பேட்டில் பட்டு ஓடின த்ரோவுக்கு ஆறு ரன் வேறு. நம்ம ஊரில் இது நடந்திருந்தால் ஸ்டம்ப் பறந்திருக்கும், ஸ்கோர் நோட்டு கிழிந்திருக்கும், நாலு பைக் கண்ணாடி உடைந்திருக்கும். வில்லியம்சன் வந்து, விதி முன்னாடியே தெரிந்ததுதானே என்கிற மாதிரி பேசிவிட்டுப் போனார். மூன்று மாதத்தில் ஐசிசி அந்த விதியையே மாற்றியது. 2021ல் அதே வில்லியம்சன் முதல் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பை ஜெயித்தார், நம்மைத் தோற்கடித்துத்தான் :-(

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் சாதாரணமானவர்கள் இல்லை. ஆனால் மூன்று கோடுகளையும் முழுசாகத் தாண்டுகிறவர் என்று நான் ஓட்டுப் போடுவது வேறு ஒருத்தருக்கு. நம்மில் பலரும் பிறப்பதற்கு முன்னால் ஆடியவர். கபில் தேவ். "1983 கோப்பைதானே?" என்று ஆரம்பிக்காதீர்கள். கோப்பையை மறந்துவிடுங்கள். அதற்கு அப்புறம் வந்த தோல்விகளைப் பாருங்கள்.

1986 ஏப்ரல் 18, ஷார்ஜா. கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு நாலு ரன் வேண்டும். சேத்தன் சர்மா போட்டது ஃபுல்டாஸ். மியான்டட் அடித்தது சிக்ஸர். இன்றைக்கு வரைக்கும் சேத்தன் சர்மா என்றால் அந்த ஒரு பந்துதான் பேச்சு. அப்போது அவருக்கு வயது இருபது. இருபது! நம்ம வகுப்புப் பையன் வயசு. ஒரு பந்தை வைத்து ஒரு பையனின் கதையை முடித்துவிடப் பார்த்தது ஊர்.

கேப்டன் என்ன செய்தார்? இரண்டு மாதத்தில் இங்கிலாந்து டூர். லார்ட்ஸ் டெஸ்டில் கபில் கையில் இருந்து சேத்தன் கைக்குப் பந்து போனது. முதல் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட். இந்தியா லார்ட்ஸில் ஜெயித்த முதல் டெஸ்ட் அது. பர்மிங்காமில் அதே பையன் ஒரே டெஸ்டில் பத்து விக்கெட். தொடர் 2-0. அடுத்த வருஷம் 1987 அக்டோபர் 31, நாக்பூர், நியூசிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக். மூன்று பேரும் க்ளீன் போல்டு. உலகக் கோப்பை வரலாற்றிலேயே முதல் ஹாட்ரிக். இது எல்லாவற்றிலும் கேப்டன் கபில்தான். மேடையில் ஏறி யாருக்காகவும் உருகிப் பேசினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. பந்தைத் திரும்பக் கொடுத்தார். அதைவிடப் பெரிய ஆறுதல் ஒரு பௌலருக்கு உண்டா?

இரண்டாவது கோடு. இது நடந்தது நம்ம சேப்பாக்கத்தில். 1987 அக்டோபர் 9, உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் மேட்ச், ஆஸ்திரேலியாவோடு. டீன் ஜோன்ஸ் மணிந்தர் சிங் பந்தைத் தூக்கி அடித்தார். பந்து கயிற்றைத் தாண்டி விழுந்ததா, தொட்டு விழுந்ததா என்று குழப்பம். அம்பயர் நாலு என்று கையைக் காட்டிவிட்டார். ஆஸ்திரேலியா 268. இன்னிங்ஸ் இடைவேளையில் ஆஸ்திரேலிய மேனேஜர் வந்து "அது சிக்ஸர்" என்று முறையிட்டார். அம்பயர் ஏற்கெனவே கொடுத்த தீர்ப்பு. கபில் "முடியாது" என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அவர் ஒத்துக்கொண்டார். 268 என்பது 270 ஆனது.

அப்புறம் நடந்ததைத்தான் சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். நம்ம ஸ்ரீகாந்த் 70, சித்து 73. இரண்டு விக்கெட்டுக்கு 200ஐத் தாண்டி ஜாலியாகப் போன டீம் சரிந்தது. கடைசி ஓவரில் ஆறு ரன் வேண்டும். கையில் ஒரே விக்கெட். ஸ்டீவ் வா பந்தில் மணிந்தர் போல்டு, இன்னும் ஒரு பந்து மிச்சம் இருக்க. இந்தியா 269. ஒரே ஒரு ரன்னில் தோல்வி. கொடுத்தது இரண்டு ரன், தோற்றது ஒரு ரன்!

இங்கே ஒரு கோஷ்டி கண்டிப்பாகக் கிளம்பும். "இது கிறுக்குத்தனம். கேப்டன் வேலை ஜெயிக்கிறது. தர்மம் பண்றதுக்கு அன்னதான மடமா இது?" என்பார்கள். அவர்களுக்கு என் பதில்: கபில் தர்மம் பண்ணவில்லை. ஜோன்ஸ் அடித்தது சிக்ஸர். ஆறு ரன் அவர் சம்பாதித்தது. அடுத்தவன் சம்பாதித்ததை அவனிடம் கொடுப்பதற்குப் பேர் தானமா? கடைக்காரர் மிச்சச் சில்லறை அதிகமாகக் கொடுத்துவிட்டால் திருப்பிக் கொடுக்கிறோமே, அந்த மாதிரிதான். அதைப் பையில் போட்டுக்கொண்டு நடப்பவனைச் சாமர்த்தியசாலி என்று நீங்கள் கொண்டாடினால், நாளைக்கு உங்கள் கடைக்கும் ஒரு சாமர்த்தியசாலி வருவான்.

சரி, அந்த நியாயம் வேண்டாம், கணக்கே வேண்டும் என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. அந்தத் தோல்விக்கு அப்புறம் பிரிவில் மீதி ஐந்து மேட்சையும் இந்தியா ஜெயித்தது. ஆஸ்திரேலியாவையும் தாண்டிப் பிரிவில் முதலிடம். ஒரு ரன் தோல்வியில் டீம் ஒடிந்து போகவில்லை. அரையிறுதியில் இங்கிலாந்திடம் தோற்றபோது கபில் தூக்கி அடித்து அவுட் ஆனார், கேப்டன் பதவியும் போனது. அந்த ஷாட்டுக்காக இன்றைக்கும் திட்டுகிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சேப்பாக்கத்தின் இரண்டு ரன்னைச் சொல்லிப் பெருமைப்படுகிற பெரியவர் யாரையும் இன்னும் பார்க்கவில்லை.

இதில் இன்னொருவரையும் நினைக்க வேண்டும். மணிந்தர் சிங். 1986 செப்டம்பரில் அதே சேப்பாக்கத்தில், அதே ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட் டை ஆனதே, அதில் கடைசியாக அவுட் ஆனவரும் அவர்தான். ஒரு வருஷம் கழித்து ஒரு ரன் தோல்வியிலும் கடைசி விக்கெட் அவரே. இப்போது யோசியுங்கள், பதினொன்றாவது ஆள் அவுட் ஆனதற்கு அவரையா குற்றம் சொல்வது? முன்னால் போன பத்துப் பேர் எங்கே? நம்ம ஊர் வழக்கமே இதுதான். வீட்டை மூட்டையாகக் கட்டிவிட்டுக் கடைசியில் கதவைச் சாத்துகிறவனைத் திருடன் என்று பிடிப்பது.

இவ்வளவு நேரம் கேப்டன்களை நிறுத்தி மார்க் போட்டோம். இப்போது நம்மையும் கொஞ்சம் நிறுத்தலாமா? ஏனென்றால் கல்லெறிந்தவர்கள் கேப்டன்கள் இல்லை, நாம்தான்.

நல்லது செய்ததும் உண்டு. 1999 ஜனவரி 31, மறுபடியும் சேப்பாக்கம். பாகிஸ்தானோடு டெஸ்ட். இலக்கு 271. சச்சின் முதுகு வலியோடு 136 அடித்து, இன்னும் 17 ரன் இருக்கும்போது அவுட். கடைசி நாலு விக்கெட்டும் நாலே ரன்னில் போய், 258க்கு ஆல் அவுட். 12 ரன்னில் தோல்வி. கூட்டம் கொஞ்ச நேரம் பேச்சு மூச்சில்லாமல் இருந்தது. அப்புறம் எழுந்து நின்று கை தட்டியது. வாசிம் அக்ரம் டீம் மைதானத்தைச் சுற்றி வந்தது. கார்கில் நடந்த அதே வருஷம், அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் இது. இன்றைக்கும் அந்தக் கைதட்டலைப் பாகிஸ்தான்காரர்கள் சொல்கிறார்கள். சென்னை எத்தனையோ ஜெயித்திருக்கிறது, ஆனால் அந்த ஊர் பேர் வாங்கியது தோற்ற ஒரு மத்தியானத்தில்.

பஃபலோ ஊர்க்காரர்களும் அப்படித்தான். 1991ல் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். கடைசி நொடிகளில் ஸ்காட் நார்வுட் உதைத்த பந்து கம்பத்துக்கு வலது பக்கம் விலகிப் போனது. மறுநாள் டீம் ஊர் திரும்பியபோது ஆயிரக்கணக்கில் கூடிய ஜனம் வேறு யாரையும் கேட்கவில்லை. நார்வுட் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டது. அவர் வந்து நின்றபோது குரல் தழுதழுத்தது. ஒரு ஊரே முன்னால் வந்து நின்றால் அதுவும் ஒரு கேப்டன்தான்.

நம்ம பள்ளத்தாக்கில் என்ன நடக்கிறது? தை மாசம் பிறந்தால் ஊருக்கு ஊர் டென்னிஸ் பால் டோர்னமெண்ட். பிளெக்ஸ், மைக் செட், நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, சுழற்கோப்பை எல்லாம் உண்டு. ஆனி ஆடியில் ஆடினால் இன்னும் வேடிக்கை. கணவாயில் இருந்து அடிக்கிற காற்றில் மேலே போன பந்து எந்தத் தோட்டத்தில் இறங்கும் என்று அந்தக் காற்றாடிகளுக்கே தெரியாது. அந்தக் காற்றில் ஒரு பையன் கேட்ச் விட்டான். ப்ளஸ் ஒன் படிக்கிற பையன். ஊர் பேர் வேண்டாம், டீம் பேரும் வேண்டாம். மேட்ச் போனது. அவர்கள் கேப்டன், கல்யாணம் ஆகிப் பிள்ளை இருக்கிற மனுஷன், அத்தனை பேர் முன்னால் அவன் குடும்பத்தையும் சேர்த்து வைத்துத் திட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராத்திரி வாட்ஸப் குரூப்பில் அந்தக் கேட்ச் வீடியோவுக்கு வடிவேலு டயலாக் போட்டுச் சுற்றவிட்டார்கள். அந்தப் பையன் அதற்கப்புறம் கிரவுண்டுப் பக்கம் வரவில்லை. நல்ல லெஃப்ட் ஆர்ம் போடுவான். போச்சு.

அந்தக் கேப்டன் கையில் அஞ்சாறு கோப்பை இருக்கிறது. வீட்டு ஷோகேஸில் வரிசையாக வைத்திருக்கிறார். என் கணக்கில் அவருக்கு மார்க் பூஜ்யம்.

"இது வெறும் வெளையாட்டுடா, இதுக்கு ஏன் இவ்ளோ பெரிய பேச்சு?" என்று கேட்கலாம். வெறும் விளையாட்டு என்றால் அந்தப் பையனை ஏன் அப்படித் திட்டினீர்கள்? திட்டும்போது உயிர் பிரச்சினை, கேள்வி கேட்டால் வெறும் விளையாட்டா? மே மாசம் ரிசல்ட் வரும்போதும் இதே ஆட்கள்தான். மார்க் வந்த பிள்ளை வீட்டுக்கு ஸ்வீட் வாங்கப் போவார்கள். வராத பிள்ளை வீட்டு வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள். அந்த வாசலில் நிற்கத் தெரிந்த ஆள் ஊருக்கு ஒருத்தர் வேண்டும். கிரவுண்டில் கற்றுக்கொள்ளாததை அந்த வாசலில் எப்படிச் செய்வோம்?

குறை சொல்லிவிட்டு ஓடுகிற ஆள் நான் இல்லை, ஒரு யோசனையும் சொல்லிவிடுகிறேன். டிவியில் கவனித்திருப்பீர்கள். மேட்ச் முடிந்ததும் மைக் முதலில் போவது தோற்ற கேப்டனிடம். நம்ம ஊரில் ஃபைனல் முடிந்து பரிசு கொடுக்கும்போது தோற்ற டீம் இருக்கவே இருக்காது. பைக்கை எடுத்துக்கொண்டு பாதி வழி போயிருப்பார்கள். இரண்டாம் பரிசுக் கோப்பையை வாங்க யாரோ ஒரு பொடியனைத் தள்ளிவிடுவார்கள். வருகிற பொங்கலுக்கு நுழைவுக் கட்டணம் வாங்கும்போதே ஒரு விதி எழுதுங்கள்: ஃபைனலில் தோற்ற கேப்டன் மேடைக்கு வந்து, ஜெயித்தவர்களில் ஒருத்தன் நன்றாக ஆடியதைச் சொல்ல வேண்டும். பிறகு தன் டீமில் அன்றைக்குச் சொதப்பியவனைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு அப்புறம்தான் சால்வை, சிறப்பு விருந்தினர் பேச்சு எல்லாம்.

இரண்டு நிமிஷம் ஆகும். மைக் செட்காரருக்கு எக்ஸ்ட்ரா காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு நிமிஷத்தில் யார் கேப்டன், யார் வெறும் டாஸ் போடுகிற ஆள் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.